1.4 டிபி டிடிபி ஃபைல்கள்: வெளி டிஸ்க்கா, கிளவுடா, நாஸ் பெட்டியா? எதில் பேக்கப் வைப்பது?

#1 காவிரிக்கரை_டிடிபி

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் அப்பா 1998ல் ஆரம்பித்த டிடிபி கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கல்லூரி ஆய்வேடு, கவிதைத் தொகுப்பு எல்லாம் செய்கிறோம்.

போன மாதம் ஒரு நாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளேயிருந்து டக், டக், டக் என்று சத்தம். டி டிரைவைக் காணவில்லை. பதினோரு வருட வேலை அதில்தான் இருந்தது. பதற்றத்தில் நான்கைந்து முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தேன். அதைத்தான் செய்திருக்கக் கூடாது என்று ரெகவரி செய்தவர் பிறகு சொன்னார். டிஸ்க்கைப் படிக்கும் ஹெட், உள்ளே சுழலும் தட்டில் உரசிக்கொண்டிருந்ததாம். ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது.

ஒரு மாத வருமானத்தைக் கொடுத்து முக்கால்வாசி மீட்டாயிற்று. மீளாததில் எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுதிய தலபுராண உரையும் ஒன்று. 340 பக்கம். அவர் இப்போது இல்லை. அச்சான புத்தகம் இருக்கிறது, ஆனால் மறுபதிப்பு போட முதல் எழுத்திலிருந்து டைப் அடிக்க வேண்டும். அவர் மகனிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கையில் இருப்பது 1.4 டிபி, அதாவது 1,400 ஜிபி. பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபோட்டோஷாப், கொஞ்சம் இன்டிசைன் என்று டிசைன் சாஃப்ட்வேர்களில் செய்த ஃபைல்கள். ஒரு நாளைக்குப் புதிதாக 2 ஜிபி சேரும். அப்பா டிவிடியில் எழுதி வைக்கச் சொல்கிறார், 2008லிருந்து அப்படிச் செய்த 62 டிவிடி பீரோவில் இருக்கிறது. தம்பி எல்லாவற்றையும் இணையச் சேமிப்பான கிளவுடில் ஏற்றிவிடு என்கிறான். கம்ப்யூட்டர் கடை அண்ணன் நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டி எல்லா மெஷினுக்கும் பொதுவாக வைக்கும் டிஸ்க் பெட்டி) வாங்கச் சொல்கிறார். எதை எடுப்பது? செலவு செய்யத் தயார், ஆனால் இன்னொரு முறை இப்படி ஆகக் கூடாது.

#2 ஒளிப்படம்

கோவையில் கல்யாண ஃபோட்டோகிராஃபர். உங்கள் நிலைமை புரிகிறது. எங்கள் தொழிலில் முகூர்த்தத்தை இரண்டாம் முறை எடுக்க முடியாது.

என் வழி எளிது. 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வேறு இடத்தில். வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்கள் நடுவே 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வேறு இடத்தில். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர்தான் இதைப் பரப்பினார். ஃபோட்டோவுக்குச் சொன்னது, இன்று பெரிய நிறுவனங்கள் வரை அதே கணக்கில்தான் போகின்றன.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க்) வாங்கி எழுதி அலமாரியில் வருடக்கணக்கில் வைக்காதீர்கள். அதில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. கரண்டே காட்டாமல் நெடுநாள் கிடந்தால் கசியும். தினசரி வேலைக்கு எஸ்எஸ்டி, அலமாரிக்கு சாதா ஹார்ட் டிஸ்க்.

#3 மேகவாசி

டிஸ்க் எல்லாம் ஒரு நாள் சாகத்தான் போகிறது. கிளவுட் டிரைவ் ஆப்பை இன்ஸ்டால் செய்து, வேலை ஃபோல்டரை அதற்குள் வைத்துவிடுங்கள். நீங்கள் சேவ் செய்யச் செய்ய அதுவே மேலே போய்விடும். மனிதர் மறப்பார், ஆப் மறக்காது. நான் மூன்று வருடமாக அப்படித்தான் இருக்கிறேன், ஒரு ஃபைல் போனதில்லை.

#4 பின்னலாடை

திருப்பூருங்க. பனியன் கம்பெனிகளுக்கு பிரிண்ட் டிசைன் பண்ணித் தர்றோம். மேல மேகவாசி சொன்ன மாதிரிதானுங்க நாங்களும் இருந்தோம். கூடவே ஒரு வெளி டிஸ்க், எப்பவும் சொருகியே இருக்கும்.

2021ல ஒரு பையன் கிராக் சாஃப்ட்வேர் ஒண்ணை இறக்கிப் போட்டானுங்க. மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தா, ஒவ்வொரு ஃபைல் பேருக்குப் பின்னாடியும் என்னன்னே தெரியாத நாலு எழுத்து. எதைத் தொட்டாலும் திறக்கலை. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு நோட்பேட் ஃபைல், டாலர்ல பணம் கேட்டு. ரான்சம்வேர், ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கற வைரஸ்ங்க. சொருகியிருந்த டிஸ்க்கும் போச்சு. நெட்வொர்க்ல ஷேர் பண்ணின பக்கத்து மெஷினும் போச்சு. கிளவுட் ஆப், பூட்டின ஃபைலை "புதுசா மாத்தின ஃபைல்"னு நினைச்சு பொறுப்பா மேல ஏத்திருச்சுங்க.

பழைய வெர்ஷனுக்குத் திரும்பற வசதி அந்த சேவையில இருந்துச்சு. ஆனா ஒவ்வொரு ஃபைலா கிளிக் பண்ணித் திரும்பணும். 40,000 ஃபைலுங்க. பத்து நாள் மூணு பேர் உக்காந்து, கையில இருக்கற ஆர்டரை மட்டும் மீட்டோம்.

எங்களை நிஜமாக் காப்பாத்தினது, என் சம்சாரம் ஆறு மாசத்துக்கு முன்னாடி துணி பீரோவுல எடுத்து வெச்ச ஒரு பழைய டிஸ்க். ஒயரே இல்லாமக் கிடந்ததால அது தப்பிச்சுதுங்க. எந்த முறையை வேணா எடுங்க, ஒரு பிரதி மெஷின்ல இருந்து கழட்டிக் கிடக்கணும். இதை மட்டும் கேளுங்க தங்கச்சி.

#5 சர்வர்அறை

பதினைந்து வருடமாக சிஸ்டம் அட்மின் வேலை. பின்னலாடை அண்ணன் எழுதியதைத் திரும்ப ஒரு முறை படியுங்கள். மேகவாசி சொன்ன முறைக்கு சிங்க் என்று பெயர். சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க்கின் வேலை இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே தப்பாக அழித்தால் அங்கேயும் அழியும். கிளவுடின் குப்பைத்தொட்டியில் பெரும்பாலும் 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் உண்டு. மூன்று மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் வந்து பழைய மலரைக் கேட்கும்போதுதான் ஃபோல்டர் இல்லை என்பதே தெரியும்.

நாஸில் இரண்டு டிஸ்க்கை ரெய்டு போட்டு, அதாவது இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே தகவலை எழுதும்படி வைப்பதும் அப்படித்தான். ஒரு டிஸ்க் செத்தால் கடை நிற்காது, அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அழித்தது அதே நொடியில் இரண்டிலும் அழியும்.

அடுத்து கிளவுட். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் அப்லோடு வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்று வைத்தால் 1.4 டிபி ஏற, இரவு பகல் நிற்காமல் ஆறரை நாள். அது முதல் தடவை மட்டும். அப்புறம் தினம் 2 ஜிபி என்றால் பதின்மூன்று, பதினான்கு நிமிடம். ஆகவே கிளவுட் முடியாத காரியம் இல்லை. ஆனால் கடை மெஷின் போய்விட்ட அன்று மொத்தத்தையும் இறக்கிக்கொண்டு நாளைக்குப் பத்திரிகை அடிக்க முடியுமா? முடியாது. யுஎஸ்பி 3 டிஸ்க்கிலிருந்து என்றால் நான்கைந்து மணி நேரத்தில், சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் ஒரு இரவில், முடிந்துவிடும்.

இன்னொரு குழப்பம் பலருக்கு உண்டு. முழு பேக்கப், இன்கிரிமென்ட்டல், டிஃபரென்ஷியல். ஞாயிறு முழுசாக எடுக்கிறீர்கள். இன்கிரிமென்ட்டல் என்றால் திங்கள் அன்று திங்கள் மாறியது மட்டும், செவ்வாய் அன்று செவ்வாய் மாறியது மட்டும். இடம் கொஞ்சம்தான் பிடிக்கும். ஆனால் சனிக்கிழமை நிலைக்குத் திரும்ப ஞாயிறு முதல் ஏழும் வேண்டும், நடுவில் புதன் கெட்டால் அதற்குப் பிறகு வந்தவற்றை நம்ப முடியாது. டிஃபரென்ஷியல் என்றால் ஒவ்வொரு நாளும் ஞாயிறுக்குப் பிறகு மாறியது முழுவதும். இடம் கூடும், திரும்புவதற்கு இரண்டே இரண்டு போதும். இப்போது ரெஸ்டிக், போர்க் போன்ற கருவிகள் ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரே துண்டை ஒரு முறைதான் சேமிக்கும். எந்த நாளைக் கேட்டாலும் முழுசாகக் கொடுக்கும். உங்கள் கடைக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. நாளை நீங்கள் இல்லாதபோது உங்கள் அப்பாவால் திறக்க முடிய வேண்டும். சாதாரண ஃபோல்டராகத் தெரியும் காப்பிதான் அவருக்கு உதவும்.

விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளை இருக்கிறது. மாறிய ஃபைலை மட்டும் எடுத்துப் போகும். அதில் மிரர் சுவிட்ச் போடாதீர்கள். மூலத்தில் இல்லாததை அது டிஸ்க்கிலும் அழித்துவிடும்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் முதலாவது. 2017 ஜனவரி 31 இரவு, புரோகிராமர்கள் தங்கள் கோடை வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால், தினசரி பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. தரவுத்தளம் ஒரு பதிப்பு, அதை எடுக்கும் கருவி வேறு பதிப்பு, அதனால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றது என்று சொல்லும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு ஒரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் கையால் எடுத்திருந்த பிரதியால்தான் மீண்டார்கள். இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அதற்காக அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அத்தனை முறை வைத்திருந்தும், திருப்பி எடுத்து யாரும் பார்த்திருக்கவில்லை. ஆகவே எந்த முறை என்று கேட்பதற்கு முன், எந்த முறையில் வேறொரு மெஷினில் போட்டு உங்களால் திறந்து பார்க்க முடியும் என்று கேளுங்கள். முடிகிற முறையைத் தேர்ந்தெடுங்கள்.

#6 வீட்டுசர்வர்

நாஸுக்காக இரண்டு வார்த்தை. ரெய்டு பேக்கப் இல்லை என்பது சரி. ஆனால் இப்போது வரும் பல நாஸ்களில் ஸ்னாப்ஷாட் உண்டு. மணிக்கு ஒரு முறை அந்த நேரத்து நிலையைப் படிக்க மட்டுமான பிரதியாக வைக்கும். மெஷினில் வைரஸ் வந்து ஷேர் ஃபோல்டரைப் பூட்டினாலும், நாஸின் அட்மின் பாஸ்வேர்டு அந்த மெஷினில் இல்லாதவரை, ஒரு மணி நேரத்துக்கு முந்தைய நிலைக்கு மொத்தமாகத் திரும்பலாம். 40,000 ஃபைலை ஒவ்வொன்றாகக் கிளிக் பண்ண வேண்டியதில்லை. நான்கைந்து மெஷின் இருக்கும் கடைக்கு அது நல்ல முதலீடு.

உங்களுக்கு எத்தனை மெஷின்?

#7 காவிரிக்கரை_டிடிபி

இரண்டுதான் அண்ணா. ஒன்று புதியது. இன்னொன்று அப்பாவின் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின், பழைய பேஜ்மேக்கர் வேலைக்கு. அதில் நெட் இல்லை.

#8 வீட்டுசர்வர்

அப்படியானால் நாஸ் வேண்டாம். அந்தப் பணத்தில் பாதியில் இரண்டு டிஸ்க்கும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கிவிடலாம். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் காப்பி ஓடும்போது கட் ஆனால் டிஸ்க்குக்குத்தான் ஆபத்து.

#9 முடிச்சூர்வாசி

நான் கணினி ஆள் இல்லை, ஓய்வு பெற்ற ஆசிரியர். ஒரே ஒரு விஷயம் சொல்ல வந்தேன்.

2015 சென்னை வெள்ளத்தின்போது, டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் தண்ணீர் இடுப்பளவு. கம்ப்யூட்டர் மேசை மேல், வெளி டிஸ்க் மேசை டிராயருக்குள். நான் ஒழுங்காகத்தான் பேக்கப் எடுத்து வந்தேன், மாதா மாதம் 1ஆம் தேதி. முதல் நாள் மழையிலும் எடுத்தேன். இரண்டும் ஒரே சேற்றில் கிடந்தன. என் தாயாரின் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தேன், தாலாட்டும் ஒப்பாரியுமாக 31 பாட்டு. அதில் ஆறுதான் இன்று இருக்கிறது. என் மகளுக்கு எப்போதோ பென் டிரைவில் கொடுத்த ஆறு.

பக்கத்துத் தெருவில் வைப்பது "வேறு இடம்" ஆகாது அம்மா. அதே வெள்ளம் அங்கேயும் வரும். உங்களுக்குக் காவிரி, அரசலாறு எல்லாம் இருக்கிறது. வேறு ஊரில் யாராவது இருந்தால் அவர்களிடம் கொடுங்கள்.

#10 சர்வர்அறை

ஐயா, அந்த ஆறு பாட்டையாவது இன்றே இன்னும் இரண்டு இடத்தில் வையுங்கள். தனிமடல் அனுப்புங்கள், நான் செய்து தருகிறேன்.

ஐயா சொன்னது பெரிய நிறுவனங்களுக்கும் பொருந்தும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் (சர்வர்கள் வைக்கும் இடம்) ஒன்று முழுதாக எரிந்தது. சர்வரும் அங்கே, பேக்கப்பும் அதே வளாகத்தில் என்று வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். கிளவுட் என்று சொன்னாலும் அது ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில்தான் இருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

#11 பழைய_கம்போசிட்டர்

அம்மா, நான் ஈய எழுத்துக் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் நல்லதுதான் சொன்னார்கள், ஆனால் தமிழ் டிடிபியில் ஒரு கண்ணி உண்டு. அதை யாரும் தொடவில்லை.

ஃபைலை மட்டும் காப்பாற்றினால் போதாது. அந்தக் கால வேலை எல்லாம் இன்று எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறையில் இல்லை. பாமினி, வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ, டாப், டாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எழுத்து அடுக்கு. ஆங்கில எழுத்துக்கும் குறிக்கும் உரிய இடங்களில் தமிழ் உருவத்தை உட்கார வைத்த ஃபான்ட்கள் அவை. எந்த ஃபான்டில் அடித்தோமோ அது இல்லாவிட்டால் பக்கம் முழுதும் புள்ளியும் கொம்புமாக வேற்று எழுத்துகள்தான் தெரியும். ஒரே பெயரில் இரண்டு பதிப்பு ஃபான்ட் இருந்தால் இன்னும் மோசம். எல்லாம் சரியாக வந்ததுபோல இருக்கும், "ஸ்ரீ" மட்டும் வேறு எதுவாகவோ நிற்கும். அச்சான பிறகுதான் கண்ணில் படும்.

பேஜ்மேக்கரில் இன்னொன்று. பெரிய படங்களை அது தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, இன்ன டிரைவில் இன்ன ஃபோல்டரில் இருக்கிறது என்று முகவரிதான் வைத்திருக்கும். மீட்ட பிறகு டிரைவ் எழுத்து மாறினால் படங்கள் எல்லாம் தொலைந்ததாகச் சொல்லும். முடிந்த வேலைகளை, படம், ஃபான்ட் எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர்த்துக்கொடுக்கும் வசதியை வைத்துக் கட்டி வையுங்கள். இன்டிசைனில் பேக்கேஜ், பேஜ்மேக்கரில் சேவ் ஃபார் சர்வீஸ் புரொவைடர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிடிஎஃப்பும் கூடவே போடுங்கள். எல்லாம் போனாலும் அதை வைத்து அச்சடித்துவிடலாம்.

பேஜ்மேக்கருக்கு 2001ல் வந்த 7தான் கடைசி. இனிப் புதிதாக வராது. ஆகவே அப்பாவின் எக்ஸ்பி மெஷினுக்கு ஃபைல் காப்பி போதாது, அந்த டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுக்கச் சொல்லுங்கள். சாஃப்ட்வேர், கீபோர்டு டிரைவர், ஃபான்ட் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். நெட்வொர்க் தம்பிகள் எப்படி என்று சொல்வார்கள்.

#12 சர்வர்அறை

ஐயா சொன்னதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். இமேஜுக்கு குளோன்ஸில்லா என்ற சாஃப்ட்வேர், இலவசம். பென் டிரைவிலிருந்து பூட் செய்து, மொத்த டிஸ்க்கையும் வெளி டிஸ்க்கில் இமேஜாக எழுதலாம். மூலம் எது, இலக்கு எது என்று டிஸ்க்கின் அளவைப் பார்த்து இரண்டு முறை சரிபார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். பிறகு அந்த இமேஜை புதிய மெஷினில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் சாஃப்ட்வேர்) இறக்கிப் பாருங்கள்.

வெளியூர் போகும் டிஸ்க்கை வெராகிரிப்ட் என்ற சாஃப்ட்வேர் போட்டு, பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காதபடி பூட்டுங்கள். எழுத்தாளர்களின் அச்சாகாத கையெழுத்துப் படிகள் உங்களிடம் இருக்கின்றன, வழியில் தொலைந்தால் யாரும் படிக்கக் கூடாது. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அதை மறந்தால் உங்களுக்கும் திறக்காது.

#13 காவிரிக்கரை_டிடிபி (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. செய்ததை எழுதுகிறேன், என் மாதிரி யாராவது தேடி வந்தால் உதவும்.

முதலில் அப்பாவின் டிவிடிகள். 62ஐயும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். 51 முழுசாகப் படித்தது, 7 பாதி, 4 ஒன்றுமே இல்லை. கெட்டவற்றை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் மேல்பூச்சு ஊசிமுனை அளவு உரிந்திருக்கிறது. படித்ததை எல்லாம் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன். அப்பா அருகிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தலைப்பாக நோட்டில் எழுதினார். இனி டிவிடி வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

2 டிபி டிஸ்க் இரண்டு, வேறு வேறு கம்பெனி. ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர், ஒன்றில் பச்சை. தினம் கடை மூடுமுன் கையில் இருப்பதைச் சொருகி, ரோபோகாப்பி ஓட்டி, கழட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். மற்றது திருச்சியில் அக்கா வீட்டில். மாதம் இரு முறை அத்தான் வருவார், அப்போது மாற்றிக்கொள்வோம். நடக்கிற வேலையும், முடிந்த புத்தகங்களின் பிடிஎஃப்பும் மட்டும் கிளவுடில், பழைய வெர்ஷன் வைக்கும் சேவையில். அது 60 ஜிபிதான் வந்தது.

பிறகு சர்வர்அறை அண்ணா சொன்ன சோதனை. பச்சை டிஸ்க்கை அக்காவின் லேப்டாப்பில் போட்டு, போன மாதம் முடித்த ஒரு கவிதைத் தொகுப்பை இன்டிசைனில் திறந்தேன். பழைய_கம்போசிட்டர் ஐயா சொன்னது அப்படியே வந்தது. பக்கம் முழுக்கக் கொம்பும் புள்ளியும். எனக்குக் கை நடுங்கிவிட்டது, ஏனென்றால் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை நான் காப்பி எடுத்துத்தான் இருந்தேன்.

இரண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். இப்போதைய விண்டோஸில் ஃபான்டை வலது கிளிக் செய்து வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் அது பொதுவான ஃபோல்டருக்குப் போவதில்லை. நம் யூசர் பெயருக்குக் கீழே, ஆப்டேட்டாவுக்குள் மறைந்திருக்கும் தனி ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குப் போகிறது. எல்லா யூசருக்கும் என்று கொடுத்தால்தான் பழைய இடம். கடை மெஷினில் 118 தமிழ் ஃபான்ட் அந்த மறைந்த இடத்தில் இருந்தது. ஒன்றுகூட என் பேக்கப்பில் இல்லை. டிஸ்க் அன்றைக்கே செத்திருந்தால் ஃபைல் எல்லாம் இருந்தும் படிக்க முடியாமல் நின்றிருப்பேன்.

கடைக்கு வந்து அந்த ஃபோல்டரையும் காப்பியில் சேர்த்தேன். மறுவாரம் திரும்பத் திருச்சி போய் ஃபான்ட்களைப் போட்டுத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே கவிஞரின் பெயர் தெளிவாக வந்தது. "ஸ்ரீ" எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தேடிப் பார்த்தேன் ஐயா, சரியாக இருக்கிறது.

எக்ஸ்பி இமேஜ் எடுத்தாயிற்று. விர்ச்சுவல்பாக்ஸில் முதல் முறை நீலத்திரை வந்தது, சர்வர்அறை அண்ணா தனிமடலில் சொன்ன டிஸ்க் கன்ட்ரோலர் அமைப்பை மாற்றிய பிறகு எழுந்துவிட்டது. அப்பா அதில் 2003ல் செய்த பத்திரிகை ஒன்றைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

#14 பின்னலாடை

நல்லா பண்ணிருக்கீங்க தங்கச்சி. ராத்திரி கழட்டற பழக்கத்தை விட்டுறாதீங்க. அந்த ஆப்டேட்டா விஷயம் எனக்கும் தெரியாதுங்க. இப்பத்தான் போய்ப் பார்த்தேன், எங்க மெஷின்லயும் 40 ஃபான்ட் அங்கதான் கிடக்குது.

#15 முடிச்சூர்வாசி

சர்வர்அறை தம்பி வீட்டுக்கே வந்து செய்து கொடுத்தார். ஆறு பாட்டும் இப்போது பெங்களூரில் மகளிடமும், மதுரையில் தம்பியிடமும், கிளவுடிலும் இருக்கின்றன. தம்பி அவன் ஃபோனில் போட்டுக் கேட்டுவிட்டு அழைத்தான்.

#16 காவிரிக்கரை_டிடிபி

மிகவும் சந்தோஷம் ஐயா.

தலபுராண உரையைத் திரும்ப டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டேன், இந்த முறை யூனிகோடில். பெரியவரின் மகன் அச்சுப் பிரதியில் அப்பா பென்சிலால் போட்டிருந்த திருத்தங்களையும் கொண்டுவந்து கொடுத்தார், அவையும் சேர்கின்றன. இன்று 41ஆம் பக்கம் முடிந்தது. சிவப்பு டிஸ்க்கைச் சொருகியிருக்கிறேன், ஓடி முடிந்ததும் கழட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.